கதவா, டாக்டரா, சம்பளமா? விமானியின் மனம் உடையும்போது எதை முதலில் சரிசெய்வது

விமானி ஒருவர் தெரிந்தே விமானத்தை மோதவிட்டார் என்று செய்தி வந்தால், இதை எப்படித் தடுப்பது என்ற கேள்வி உடனே எழும். பதில்களுக்குப் பஞ்சமே இல்லை. காக்பிட்டில் ஒருவரைத் தனியாக விடக்கூடாது என்பார் ஒருவர். எல்லா விமானிகளுக்கும் மனநலப் பரிசோதனை வேண்டும் என்பார் இன்னொருவர். டாக்டர்கள் ரகசியம் காக்கத் தேவையில்லை, தரையிலிருந்தே விமானத்தைக் கைப்பற்றும் வசதி வேண்டும், நோயைச் சொல்லும் விமானியின் வருமானத்துக்கு உறுதி தர வேண்டும் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் இவற்றில் சில, மற்றவற்றைக் கெடுக்கக்கூடியவை. ஒன்றை அவசரப்பட்டுச் செய்தால் இன்னொன்று வேலை செய்யாமல் போய்விடும். அதனால்தான் இதில் வரிசை முக்கியம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைச் சொன்னால் பிழைப்பு போய்விடாது என்ற உறுதி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். கதவும் பரிசோதனையும் சட்டமும் அதற்குப் பிறகுதான். இப்படிச் சொல்ல முக்கியக் காரணம் 2015-ல் நடந்த ஜெர்மன்விங்ஸ் விபத்தின் விசாரணை அறிக்கை.

அந்த ஆண்டு மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் நோக்கிக் கிளம்பிய ஜெர்மன்விங்ஸ் 9525 விமானம், பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. பயணிகள் 144 பேர், பணியாளர்கள் 6 பேர் என 150 பேரும் இறந்தார்கள். தலைமை விமானி சற்று நேரம் வெளியே போயிருந்தபோது, 27 வயதுத் துணை விமானி உள்ளே தனியாக இருந்தார். உள்ளேயிருந்து பூட்டிய காக்பிட் கதவு திறக்கவே இல்லை. 38,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தை அவர் தெரிந்தே கீழிறக்க, சுமார் பத்து நிமிடத்தில் அது மலையில் மோதியது. பிரான்ஸின் விமான விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ, 2016 மார்ச்சில் இறுதி அறிக்கையை வெளியிட்டது.

கதவைப் பற்றி அந்த அறிக்கை பேசுவது கொஞ்சம்தான். அதிகம் பேசுவது அந்த இளைஞரின் மருத்துவ வரலாற்றையும் பணச் சிக்கலையும் பற்றி. 2008-ல் பயிற்சியில் சேர்ந்த சில மாதங்களிலேயே கடுமையான மனச்சோர்வு காரணமாகப் பயிற்சியை நிறுத்தினார். சிகிச்சை பெற்று 2009-ல் திரும்பி வந்தார். அவருடைய மருத்துவச் சான்றில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: மனச்சோர்வு மறுபடி வந்தால் இந்தச் சான்று செல்லாது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மருத்துவப் பரிசோதனையில் தேறினார். 2014 ஜூனில் ஏ320 விமானத்தின் துணை விமானி ஆனார். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து பார்வைக் கோளாறு, தூக்கமின்மை என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். கண்ணில் எந்தக் குறையும் தென்படவில்லை. 2015 மார்ச் 10 அன்று ஒரு டாக்டர், சைக்கோசிஸ் என்னும் தீவிர மனநோயாக இருக்கலாம் என்று கணித்து, மனநல மருத்துவமனையில் சேரச் சொன்னார். இரண்டே வாரத்தில் அந்தப் பயணம் நடந்தது. வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் நிறுவனத்தின் கைக்குப் போகவே இல்லை. டாக்டர்கள் யாரும் விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் சொல்லவில்லை.

பணக் கணக்கையும் பாருங்கள். பயிற்சிச் செலவில் அவருடைய பங்கு 60,000 யூரோ. அதற்காகச் சுமார் 41,000 யூரோ கடன் வாங்கியிருந்தார். வேலையில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நிரந்தரமாகத் தகுதி இழந்தால், நிறுவனம் எடுத்துவைத்த காப்பீடு ஒரே ஒரு முறை 58,799 யூரோ தரும். கடனைக் கழித்தால் என்ன மிஞ்சும்? சொந்தமாக வேறு காப்பீடு எடுக்கவும் வழி அடைபட்டிருந்தது. மருத்துவச் சான்றில் இருந்த நிபந்தனைதான் அதற்குத் தடையாக இருக்கிறது என்று 2014 டிசம்பரில் அவரே ஒரு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்வது அவர் செய்ததை நியாயப்படுத்த அல்ல. 149 பேரைக் கொன்றதற்கு எந்தக் கடனும் நியாயம் ஆகாது. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறரைத் தொடவும் நினைக்காதவர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அமைப்பு அவர் முன்னால் வைத்த தேர்வு என்ன என்று பார்க்காமல், நாம் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேச முடியாது. வாயைத் திறந்தால் வேலை போகும், கடன் நிற்கும், காப்பீடு கிடைக்காது. வாயை மூடினால் நாளைக்கும் பறக்கலாம்.

சரி, இனி வழிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில், காக்பிட்டில் எப்போதும் இருவர் என்ற விதி. விமானி ஒருவர் வெளியே போனால் விமானப் பணியாளர் ஒருவர் உள்ளே வந்து நிற்பார். அமெரிக்க விமான நிறுவனங்களில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த நடைமுறை இது. ஜெர்மன்விங்ஸ் விபத்து நடந்த மூன்றே நாளில், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான யாசா இதைப் பரிந்துரைத்தது. 2016-ல் அதைத் தளர்த்தி, அவரவர் நிலைமையை ஆராய்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்றது. 2017-ல் ஜெர்மன்விங்ஸின் தாய் நிறுவனமான லுஃப்தான்சா குழுமம் விதியைக் கைவிட்டது. கதவு திறந்திருக்கும் நேரம் அதனால் கூடுகிறது, அது வேறொரு ஆபத்து என்பது கைவிட்டவர்களின் வாதம்.

இந்த விதிக்கு ஆதரவும் எதிர்ப்பும் பழைய விபத்துகளிலேயே இருக்கின்றன. 2013 நவம்பர் 29 அன்று மொசாம்பிக் நாட்டின் எல்ஏஎம் 470 விமானம் நமீபியாவில் விழுந்து 33 பேர் இறந்தார்கள். துணை விமானி வெளியே போனபோது தலைமை விமானி தனியாக இருந்தார், கதவைத் தட்டும் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. இன்னொருவர் உள்ளே இருந்திருந்தால் கதையே மாறியிருக்கலாம். 2023 அக்டோபரில் அமெரிக்காவில், காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் பயணம் செய்த, அன்று பணியில் இல்லாத விமானி ஒருவர் என்ஜின்களை நிறுத்த முயன்றார். பக்கத்திலிருந்த இரு விமானிகளும் தடுத்ததால் விமானம் போர்ட்லாந்தில் பத்திரமாக இறங்கியது. எதிர்ப்பக்கம் 1982 பிப்ரவரி 9 நிற்கிறது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 350-ல் காக்பிட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். தலைமை விமானியைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் இழுத்துப் பிடித்தும், விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலேயே கடலில் விழுந்து 24 பேர் இறந்தார்கள். தரைக்கு அருகில் சில நொடிகளே போதும், அங்கே எத்தனை பேர் இருந்தாலும் நேரம் இருக்காது.

ஆகவே இந்த விதி நடுவானில் உதவும், தரைக்கு அருகில் உதவாது. செலவும் அதிகமில்லை. ஆனால் இது கடைசி வேலி. அந்த மனிதர் அந்த நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இதற்கு வேலையே. (விசாரணையில் இறுதி முடிவு சொல்லப்படாத விபத்துகளை இந்தக் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை. மலேசியாவின் எம்எச்370 அப்படிப்பட்டது. ஊகத்தை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது.)

தரையிலிருந்து விமானத்தைக் கைப்பற்றும் யோசனை, ஜெர்மன்விங்ஸ் விபத்துக்குப் பிறகு ஜெர்மனியின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திலிருந்தே வந்தது. விமானிகள் எதிர்த்தார்கள், சரியாகவே எதிர்த்தார்கள். விமானியிடமிருந்து கட்டுப்பாட்டைப் பறிக்கும் வசதி ஒன்று இருந்தால், அதை அபகரிக்க நினைப்பவரும் வருவார். இன்றைய முடிவுக்கு இதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது மனநலப் பரிசோதனை. மக்களுக்கு உடனே பிடித்துப்போவது இதுதான், எனக்கு அதிகம் தயக்கம் இருப்பதும் இதில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு நிறுவனத்தில் விமானியாகப் பறக்கத் தொடங்கும் முன் உளவியல் மதிப்பீடு கட்டாயம். கொரோனாவால் தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வேலைக்குச் சேரும்போது ஒரு மதிப்பீடு இருப்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டுதோறும் எல்லோருக்கும் பரிசோதனை வைத்து ஆபத்தானவரைச் சலித்து எடுத்துவிடலாம் என்பது கணக்கிலேயே தோற்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் விமானிகளில் பத்துப் பேர் உண்மையில் ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை ஆபத்தானவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கிறது, நல்லவர்களில் 5 சதவீதம் பேரைத் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் ஒன்பது பேர் சரியாகச் சிக்குவார்கள், கூடவே ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தவறாகச் சிக்குவார்கள். உண்மையில் இவ்வளவு கூர்மையான பரிசோதனையும் கிடையாது.

இன்னொரு சிக்கல், பரிசோதனையில் பதில் சொல்பவர் விமானிதான். தூக்கம் நன்றாக வருகிறதா என்று கேட்டால், வேலை போய்விடும் என்று பயப்படுபவர் என்ன சொல்வார்? ஜெர்மன்விங்ஸ் துணை விமானி லுஃப்தான்சாவின் தேர்வுகளைத் தாண்டி வந்தவர். அவரோடு பறந்த விமானிகளும் அவர் மனநிலை பற்றிக் கவலை எதையும் சொல்லியிருக்கவில்லை.

2016-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், பெயர் சொல்லத் தேவையில்லாத கருத்துக்கணிப்பு ஒன்றின் முடிவை வெளியிட்டார்கள். மனநலக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன 1,848 விமானிகளில் 12.6 சதவீதம் பேர் மனச்சோர்வுக்கான அளவுகோலுக்குள் வந்தார்கள். 75 பேருக்கு, அதாவது 4.1 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. பெயர் வெளியே வராது என்றதும் உண்மை வெளிவந்தது. இவர்கள் அனைவரும் மருத்துவச் சான்றுக்கான படிவத்திலும் இதையே எழுதியிருப்பார்கள் என்று யாராவது நம்புவார்களா? 2022-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், 56.1 சதவீதம் விமானிகள் மருத்துவச் சான்று போய்விடும் என்ற பயத்தால் ஏதாவது ஒரு வகையில் சிகிச்சையைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல்! கண்காணிப்பை இன்னும் இறுக்கினால் இந்த எண் குறையுமா, கூடுமா என்று முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

டாக்டர் சொல்ல வேண்டுமா என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஜெர்மனியில் நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்வது குற்றவியல் சட்டத்தின் 203-வது பிரிவின்படி குற்றம், சிறைக்கும் போகலாம். உடனடி ஆபத்து இருந்தால் சொல்லலாம் என்று 34-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் எது உடனடி ஆபத்து என்பதை அந்த டாக்டர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தவறினால் பழி அவர் தலையில். கனடா இதற்கு நேர் எதிர். அங்கே விமானச் சட்டத்திலேயே இருக்கிறது: சிகிச்சைக்கு வருபவர் தான் விமானி என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், அவருடைய நோய் விமானப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஜெர்மன்விங்ஸ் விஷயத்தில், 2015 மார்ச் 10 அன்று கனடா போன்ற ஒரு விதி இருந்திருந்தால் 150 பேரும் பிழைத்திருக்கலாம். இதை மழுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் கட்டத்தில் நண்பரின் ஆறுதலோ காப்பீட்டுத் தொகையோ போதாது. யதார்த்தத்தின் பிடி நழுவிக்கொண்டிருக்கும் ஒருவர் தன் நிலையைத் தானே எடைபோட்டு முடிவெடுப்பார் என்று நாம் காத்திருக்க முடியாது. அங்கே டாக்டர் பேசத்தான் வேண்டும்.

ஆனால் எல்லா மனநலச் சிகிச்சையையும் அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதித்தால், விமானிகள் டாக்டரிடம் போவதையே நிறுத்துவார்கள். அல்லது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் வேறு எதையாவது சொல்வார்கள். மார்ச் 10 அன்று ஒரு டாக்டர் சரியாகக் கணித்தார் என்றால், அந்த நோயாளி அந்த அறைக்குள் வந்ததால்தானே? அதனால் இந்த வழியைக் குறுக்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. சைக்கோசிஸ், தற்கொலைத் திட்டம் போன்ற தீவிர நிலைகளுக்கு மட்டும் இந்தக் கடமை இருக்கட்டும். தகவல் நிறுவனத்துக்குப் போகாமல், அரசின் விமான மருத்துவப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு மட்டும் போகட்டும். நோயின் பெயர்கூடத் தேவையில்லை, இவர் இப்போதைக்குப் பறக்கக்கூடாது என்ற ஒரு வரி போதும். நல்லெண்ணத்தோடு சொன்ன டாக்டர் மீது வழக்கு வராது என்று சட்டம் தெளிவாகச் சொல்லட்டும். பொதுப் பாதுகாப்பு ரகசியத்தைவிடப் பெரிதாகும் தருணம் எது என்று தெளிவான விதி வகுக்கும்படி பிஇஏ அறிக்கையும் பரிந்துரைத்தது.

கடைசியாக, நான் முதலில் வைக்கும் வழி. இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன, ஒன்றை விட்டால் மற்றவை நிற்காது.

சக விமானிகளின் ஆதரவுத் திட்டம் ஒரு துண்டு. பயிற்சி பெற்ற சக விமானியிடம் ரகசியமாகப் பேசலாம், தேவைப்பட்டால் அவர் மனநல நிபுணரிடம் கூட்டிப்போவார். ஜெர்மனியில் மேடே அறக்கட்டளை 1994-லிருந்து விமானப் பணியாளர்களுக்கு உதவி வருகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் 2011-ல் பிராஜெக்ட் விங்மேன் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2018-ன் ஐரோப்பிய விதி, எல்லா நிறுவனங்களும் தங்கள் விமானிகளுக்கு இப்படி ஓர் ஆதரவுத் திட்டம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. மேலாளரிடம் ஒருபோதும் பேசாத ஒருவர், தன்னைப்போலவே இரவு விமானம் ஓட்டிக் களைத்த இன்னொருவரிடம் பேசுவார்.

இரண்டாவது, திரும்பி வரும் பாதை. அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்து எடுக்கும் விமானி பறக்கவே முடியாது என்றிருந்தது. 2010-ல்தான் நான்கு மருந்துகளுக்கு மட்டும் அனுமதி வந்தது. அதுவும் மருந்தோடு 12 மாதம் நிலையாக இருந்து காட்ட வேண்டும் என்றார்கள், பிறகு அது 6 மாதமானது. ஆஸ்திரேலியா அதற்கு வெகு காலம் முன்பே மருந்தோடு பறக்க அனுமதித்தது. குடிப்பழக்கத்துக்கான அமெரிக்காவின் ஹிம்ஸ் திட்டத்தை இங்கே நினைக்க வேண்டும். 1970-களில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழியே ஆயிரக்கணக்கான விமானிகள் சிகிச்சை பெற்று, கண்காணிப்போடு வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். திரும்பும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர்கள் முன்வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது பணம். ஆதரவுத் திட்டங்களைப் பெருமையாக அறிவிக்கும் நிறுவனங்கள் பலவும் மெல்ல நழுவும் இடம் இதுதான். பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டுவது சுலபம். பேசினால் ஆறு மாதம் தரையில் நிற்க வேண்டும், பறக்கும் நேரத்துக்கான படி கிடைக்காது, கடன் தவணை மட்டும் மாதாமாதம் வரும் என்றால் யார் பேசுவார்கள்? இங்கே வேண்டியது நிரந்தரமாகத் தகுதி இழந்தவருக்குத் தரும் ஒரே முறைத் தொகை மட்டுமல்ல. தற்காலிகமாகத் தரையில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம், பயிற்சிக் கடன் தவணைக்கு அவகாசம், முன்பு மனநலச் சிகிச்சை எடுத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் குழுக் காப்பீடு, பறக்க முடியாதவருக்குப் பயிற்சி மையத்திலோ அலுவலகத்திலோ வேறு வேலை. கடைசியாகச் சொன்னது சிறிய நிறுவனங்களுக்குக் கடினம். அங்கே நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்தால்தான் முடியும். உரிமம் இழப்பதால் வரும் பொருளாதார அடியைத் தணிக்க வழி காணச் சொன்னது பிஇஏ அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று. ஊடகங்கள் கதவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்ததே. பேச விரும்பாதவரை இது பேசவைக்காது. நோய் முற்றியவரிடம் எடுபடாது. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், அதுவரை காட்டுவதற்கு எண்கள் இருக்காது. ஆனால் நோய் முற்றுவதற்கு முந்தைய மாதங்களில் வேலை செய்யக்கூடியது பட்டியலில் இது மட்டும்தான். 2014 டிசம்பரில் அந்த இளைஞர் பார்வை மங்குகிறது என்று டாக்டர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அப்போது அவர் உதவி தேடிக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே ஒரு நிறுவனமோ அரசோ என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதல் ஆண்டிலேயே சம்பளப் பாதுகாப்பையும் காப்பீட்டையும் கையெழுத்திட்டு, திரும்பும் பாதையை எழுத்தில் கொடுங்கள். அதோடு சேர்த்தே ஆதரவுத் திட்டத்தைத் தொடங்குங்கள், பணம் வருவதற்கு முன்னால் தொடங்கினால் அதன் மேல் நம்பிக்கை பிறக்காது. அது நிலைத்த பிறகு, டாக்டர்களுக்கான குறுகிய அறிவிப்புக் கடமையைச் சட்டமாக்குங்கள். சட்டம் முதலில் வந்தால் ஆதரவுத் திட்டமும் உளவு வேலையாகத் தெரியும். உளவியல் மதிப்பீடு வேலைக்குச் சேரும்போதும், நீண்ட மருத்துவ விடுப்பிலிருந்து திரும்பும்போதும் மட்டும் இருக்கட்டும். ஜப்பான் ஏர்லைன்ஸ் தலைமை விமானி முன்பே மனநலச் சிக்கலுக்காக விடுப்பில் போய்த் திரும்பியவர் என்பதால், அந்த இரண்டாவது கட்டத்தில் அவசரம் காட்டக்கூடாது.

காக்பிட்டில் இருவர் விதியை, ஏற்கனவே வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டாம். கைவிட்டவர்கள், சம்பளப் பாதுகாப்பும் ஆதரவுத் திட்டமும் தங்களிடம் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் நாளைக்கே விதியைத் திரும்பக் கொண்டுவரலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை.